அங்கோர் வாட்டைக் கட்டியவர்கள் கெமர்கள், அதை அப்படியே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வாரமலரில் கம்போடியக் கோயில்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். 2024 டிசம்பரில் நானும் கணவரும் எழுபத்தெட்டு வயதான என் அம்மாவும் அந்தக் கோயில்களுக்குப் போய் ஒரு கிழமைக்கு மேல் அலைந்துவிட்டு வந்தவர்கள், அதனால் காலைத் தேத்தண்ணீரோடு ஆசையாகத்தான் விரித்தேன். தலைப்பைப் பார்த்ததும் மனம் சுருங்கிவிட்டது. அங்கோர் வாட் தமிழ் மன்னன் கட்டிய கோயிலாம். பக்கத்தில் போட்டிருந்த படமும் அங்கோர் வாட் இல்லை, பாயோன் கோயிலின் முகக் கோபுரங்கள்.

இதே கதை வட்ஸ்அப்பில் எத்தனையோ தரம் வந்திருக்கிறது. திருத்தி எழுதப் போய்ச் சொந்தக்காரர் சிலரோடு மனஸ்தாபமும் பட்டிருக்கிறேன். ஆனால் பத்திரிகையில் வந்தால் அதன் நிறை வேறு. எங்கள் கீழ்வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் ஒட்டுவதற்காம். அதைக் கண்ட பிறகுதான் எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அங்கோர் வாட்டைக் கட்டுவித்தவன் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆண்ட கெமர் அரசன். கெமர்கள் என்றால் கம்போடியாவின் சொந்தச் சனம். திருமாலுக்கு எடுத்த கோயில் அது. பெயர் 'வர்மன்' என்று முடிவதை வைத்துப் பல்லவன் என்கிறார்கள், சோழன் என்கிறார்கள். வர்மன் என்பது அரசர்கள் சூட்டிக்கொண்ட வடமொழிப் பெயரீறு. 7ஆம் நூற்றாண்டில் அசாம் பக்கம் ஆண்டவன் பாஸ்கரவர்மன். இன்றைய வியட்நாம் பக்கம் இருந்து கெமர்களோடு தலைமுறை தலைமுறையாக அடிபட்ட சம்பா நாட்டு அரசர்களிலும் பலர் வர்மன்கள்தான். அங்கோர் அரசர்களின் கல்வெட்டுகள் வடமொழியிலும் பழைய கெமர் மொழியிலும் இருக்கின்றன. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது, அது உண்மை, அதைப் பெருமையோடு சொல்லலாம், நானும் சொல்கிறேன். ஆனால் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள், அதைப் படித்தவன் பிறகு கட்டிய வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கேட்கலாமா?

எங்கள் பயணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு ஏஜென்சி 'ஆறு நாள் கெமர் கோயில் யாத்திரை' என்று விளம்பரம் செய்திருந்தது. இருபத்திரண்டு பேர் போனோம், அநேகமாக எல்லாரும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆட்கள். முதல் இரண்டு நாளும் பாங்கொக்கில் கடை கடையாகப் போய்விட்டது. பிறகு கோயில்களுக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப் போய் இறங்கி ஒரு நாள் இளைப்பாறல், ஒரு நாள் மிதக்கும் கிராமம். கோயில்களுக்கு மிஞ்சியது ஒன்றரை நாள், அந்த அரை நாளும் சூரிய அஸ்தமனம் பார்ப்பதற்கு ஒரு குன்றில் ஏறி நின்றதோடு முடிந்தது. ஒரு நாள் நுழைவுச் சீட்டு 37 டொலர், மூன்று நாள் சீட்டு 62 டொலர், அந்த மூன்று நாளையும் பத்து நாளுக்குள் விரும்பியபடி பிரித்துப் போகலாம். அவர்கள் வாங்கித் தந்தது ஒரு நாள் சீட்டு. யாத்திரை என்று காசு வாங்கியவர்கள் இருபத்தைந்து டொலரை ஏன் மிச்சம் பிடித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த ஒரு நாளில்தான் அது நடந்தது. அங்கோர் வாட்டின் மேற்குப் பக்கத்து அகழியைத் தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தோம். அகழியே 190 மீட்டர் அகலம், பார்க்கக் குளம் மாதிரி இருக்கும். வழிகாட்டி ஒரு கெமர்க்காரர், ஐம்பது கடந்தவர், ஆங்கிலத்தில் மெதுவாக விளக்கிக்கொண்டு வந்தார். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் அவரை இடைமறித்து, இதெல்லாம் எங்கள் ஆட்கள் வந்து கட்டித் தந்தது, உங்களுக்கு இந்தக் கலை தெரியாது என்று சத்தமாகச் சொன்னார். இன்னும் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். வழிகாட்டி கோபப்படவில்லை. ஒரு நிமிடம் பேசாமல் நின்று, "இது எங்கள் பாட்டன்கள் கட்டியது, அவர்கள் பிள்ளைகள் நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்" என்று மட்டும் சொன்னார். எனக்குத் தலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் கோயில் வாசலில் யாராவது வந்து நின்று, இது உங்களுடையது இல்லை, முன்னொரு காலத்தில் இது வேறு ஆட்களுடையது என்று சொன்னால் எங்களுக்கு நெஞ்சு எப்படி எரியும்? அதை அனுபவித்து அறிந்த சனம் நாங்கள். நாங்கள் போய் அதை இன்னொரு சனத்துக்குச் செய்யலாமா, ஆசிரியர் அவர்களே?

சரி. குழு கொழும்புக்குத் திரும்பியது, நாங்கள் மூவரும் நின்றுவிட்டோம். கணவர் முதலே லீவு கூட்டிப் போட்டிருந்தார். அந்த வழிகாட்டியையே கேட்டோம், அவரும் சம்மதித்தார். மூன்று நாள் சீட்டு எடுத்து ஒரு ரெமோக் பிடித்தோம், அது மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் வண்டி பூட்டியது மாதிரி, அம்மாவுக்கு எங்கள் ஊர் ஓட்டோவைவிட வசதியாக இருந்தது.

வழிகாட்டி சொன்ன யோசனை எளிமையானது, ஆனால் எந்த ஏஜென்சியும் அப்படிக் கூட்டிப் போவதாகத் தெரியவில்லை: பழைய கோயிலில் தொடங்கிப் புதிய கோயிலில் முடியுங்கள். முதலில் ரொலுவோஸ். அங்கோருக்கு முந்திய தலைநகரான ஹரிஹராலயம் அதுதான். பிரியா கோ கோயில் 879ஆம் ஆண்டில் முதலாம் இந்திரவர்மன் தன் முன்னோருக்காக எடுத்தது, வாசலில் மூன்று நந்திகள் கோயிலைப் பார்த்தபடி படுத்திருக்கின்றன. செங்கல் கோபுரங்கள், மேலே பூசிய சுண்ணச்சாந்து இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு பாகோங், 881, ஐந்து தட்டாக உயர்ந்த கல்மலை. லொலெய் 893இல் ஒரு பெரிய ஏரியின் நடுவே தீவில் நின்ற கோயில். இப்போது ஏரி இல்லை, சுற்றிவர வயல். அம்மா கிளிநொச்சிக்காரி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த குடும்பம். அவர் கோயிலைப் பார்த்ததைவிட அந்த நிலத்தின் சரிவைத்தான் கூடப் பார்த்தார், அணைக்கட்டு எங்கே ஓடியிருக்கும் என்று கையால் காட்டினார், வழிகாட்டி ஆமென்றார். மேற்குப் பாராய் என்று இன்னொரு பெரிய ஏரி இருக்கிறது, 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டருக்கு மேல் அகலம், 11ஆம் நூற்றாண்டில் வெட்டியது, இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது. குளம் கட்டி வாழ்ந்த சனத்துக்கு அங்கோரை விளங்கிக்கொள்ள வேறு விளக்கம் தேவையில்லை. அந்த நகரம் சரிந்ததற்கும் தண்ணீர் ஒரு காரணம், 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சியும் இடையிடையே பெருமழையும் வந்து வாய்க்கால்கள் உடைந்து போயின என்று மர வளையங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

இனி நான் எழுத வந்த முக்கியமான இடம், பந்தே ஸ்ரெய். நகரத்திலிருந்து ரெமோக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏஜென்சிக் குழு அங்கே நின்றது நாற்பது நிமிடம், அதில் பாதி கழிப்பறை வரிசையில். இரண்டாம் தரம் நாங்கள் காலை ஏழரைக்கே போய்விட்டோம். 967 ஏப்ரல் 22 அன்று குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். கட்டியவன் அரசன் இல்லை, யஞ்ஞவராகர் என்ற அரச குரு. இளஞ்சிவப்பு மணற்கல், காலை வெயில் படும்போது மரத்தில் செதுக்கியதோ என்று நினைக்க வைக்கும். சின்னக் கோயில்தான், நடுக் கோபுரங்களின் வாசல்கள் ஒரு ஆள் குனிந்து போகிற அளவு, ஆனால் விரற்கடை இடம்கூட வெறுமையாக விடவில்லை.

இராவணன் கயிலையைத் தூக்குகிற சிற்பம், நூலகம் என்று அங்கே சொல்கிற சிறு கட்டடங்களில் தெற்குப் பக்கத்ததன் முகப்பில் இருக்கிறது. சம்பந்தர் தேவாரத்தில் எட்டாம் பாட்டு வந்தாலே இராவணன் வருவான் என்று சின்ன வயதில் படித்தவர்களுக்கு அந்தக் கல்லை வாசிக்கச் சொல்லித்தரத் தேவையில்லை. மேலே சிவன் இருக்க உமை ஒட்டிக்கொள்கிறாள், கீழே யானையும் சிங்கமும் மிரண்டு ஓடுகின்றன. அம்மாவுக்குத் திருக்கோணமலை இராவணன் வெட்டு நினைவு வந்து அதை வழிகாட்டிக்குச் சொல்லச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன், அவர் கொப்பி எடுத்து எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு கிழக்கு வாசல் கோபுரத்துக்கு வந்தோம். மேலே முக்கோண முகப்பில் பத்துக் கையோடு ஆடுகிற சிவன். நானும் கணவரும் ஆடுகிறவரைத்தான் பார்த்தோம். அம்மா கண்ணைச் சுருக்கிக் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்து, "அங்க பார் பிள்ளை, அது அம்மையார்" என்றார். இடது பக்க மூலையில் வற்றிய முலையும் எலும்பு தெரியும் உடம்புமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பேயுருக் கேட்டு வாங்கி, தலையால் நடந்து கயிலைக்குப் போய், நீ ஆடும்போது உன் அடியின்கீழ் இருக்க வேண்டும் என்று வரம் கேட்ட காரைக்கால் அம்மையார். கேட்ட இடத்தில், ஆடுகிற அடிக்குக் கீழேயே, கம்போடியக் காட்டில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக இருக்கிறார். அது அவர்தான் என்று சிற்ப ஆய்வாளர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள், எங்கள் அம்மா புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சின்ன வயதில் தன் தாயிடம் கேட்ட கதையை வைத்து அவர் கண்டுபிடித்தார். வெயில் ஏறும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முதலில் குழுவோடு வந்த அன்று இருபத்திரண்டு தமிழர் அந்த வாசலுக்குக் கீழே நடந்து போனோம், ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒருவரும் காட்டித் தரவில்லை.

பொலன்னறுவைச் சிவன் கோயில் இடிபாடுகளில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த செப்புத் திருமேனிகளிலும் அம்மையார் இருக்கிறார் என்பதை உங்கள் வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். காரைக்கால், பொலன்னறுவை, பந்தே ஸ்ரெய் என்று ஒரு வணிகர் வீட்டுப் பெண் போய்ச் சேர்ந்த தூரத்தை எழுதியிருந்தால் அந்த ஒரு பக்கம் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! மன்னன் யார், படை யார் என்ற சண்டையே அதற்கு வேண்டாம். கெமர்ச் சிற்பி ஒருவன், கெமர்க் குரு எடுத்த கோயிலில், எங்கள் அம்மையாரைத் தன் கடவுளின் காலடியில் வைத்து வணங்கியிருக்கிறான்.

உண்மையான உறவுகள் இன்னும் இருக்கின்றன. காம்போச அரசன், அதாவது கெமர் அரசன், நட்பு நாடி இராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடு சொல்கிறது. 1114ஆம் ஆண்டுச் சிதம்பரக் கல்வெட்டு ஒன்றில், காம்போச அரசன் குலோத்துங்க சோழனுக்குக் காட்டிய கல்லொன்றைக் கோயிலில் பதித்த செய்தி வருகிறது. அந்த நேரம் அங்கோரில் இரண்டாம் சூரியவர்மன் அரியணை ஏறியிருந்தான். இந்தத் தீவுக்கும் தொடர்பு உண்டு, காம்போசத்துக்குக் கப்பலில் அனுப்பிய இளவரசியை வழியில் பிடித்துக்கொண்டதும் பொலன்னறுவை அரசன் பராக்கிரமபாகு பர்மியர்மேல் படை அனுப்பக் காரணங்களில் ஒன்று என்று இத்தீவின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. இப்படிச் சரிக்குச் சரி நின்று கொடுத்து வாங்கிய இரண்டு பக்கத்தைத்தான் நான் இவற்றில் பார்க்கிறேன்.

மற்றக் கோயில்களைப் பற்றி விரித்தால் கடிதம் நீண்டுவிடும். பாயோனில் எல்லாரும் முகங்களைப் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள், கீழ்ச் சுற்றுச் சுவரைப் பாருங்கள், மீன் விற்கிற பெண், தராசு பிடிக்கிறவள், சேவல் சண்டை, பிள்ளைப்பேறு, அடுப்பில் பெரிய பானை, எல்லாம் இருக்கிறது. தா புரோம் மரவேருக்குப் பெயர் போனது, ஆனால் அங்கே கிடைத்த 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அந்தக் கோயிலுக்கு 3,140 ஊர்களும் 79,365 பேரும் ஊழியம் செய்தார்கள், நாட்டில் 102 மருத்துவசாலைகள் இருந்தன என்று கணக்கு எழுதியிருக்கிறது. அங்கோர் வாட்டில் பாற்கடல் கடையும் சுவர் 49 மீட்டர், 92 அசுரரும் 88 தேவரும் வாசுகியை இழுக்கிறார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு மணி நேரமாவது வேண்டும், குழுவோடு போனபோது எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம்.

ஒன்றை மட்டும் விடமுடியாது. பாபூவோன் என்று ஒரு கோயில், சரிந்து விழும் நிலையில் இருந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் 1960களில் கல் கல்லாகக் கழற்றி, மூன்று இலட்சம் கற்களைச் சுற்றியிருந்த காட்டில் அடுக்கி, எது எங்கே போக வேண்டும் என்று குறிப்பு எழுதி வைத்தார்கள். போர் வந்தது, வேலை நின்றது, பொல் பொட்டின் கொடுங்கோல் ஆட்சிக் காலத்தில் அந்தக் குறிப்புகள் எல்லாம் அழிந்தன. 1995இல் திரும்பத் தொடங்கி, ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பொருத்திப் பார்த்து, 2011இல் முடித்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த தலைமுறை நான், அந்தப் படிகளில் ஏறும்போது எனக்குக் கண் கலங்கியது. வழிகாட்டியின் தகப்பனும் அந்தக் காலத்தில் காணாமல் போனவர். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னதும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார், இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லை, மொழிபெயர்க்கச் சொல்லி இருவரும் என்னைக் கேட்கவும் இல்லை. பந்தே ஸ்ரெய் வழியில் கண்ணிவெடியில் காலிழந்தவர்கள் சிலர் மர நிழலில் பாய் விரித்து வாத்தியம் வாசிக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் அவர்களைப் பிச்சைக்காரர் என்றார். வன்னியில் வெடி எடுக்க எத்தனை வருடம் பிடிக்கிறது என்று தெரிந்த யாரும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

திரும்பும் வழியில் நொம் பென் தேசிய நூதனசாலையில், கோ கெர் கோயிலிலிருந்து திருட்டுப் போன துரியோதனன் சிலையைப் பார்த்தோம். பாதங்களைப் பீடத்திலேயே விட்டுவிட்டு வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், அந்தப் பாதங்களை வைத்துத்தான் சிலை எங்கிருந்து போனது என்று நிறுவ முடிந்தது. 2014இல் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. வழிபட்ட கற்களை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருக்கும் சனத்திடம் போய், இதைக் கட்டியது நீங்கள் இல்லை என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்பதை உங்கள் கட்டுரையாளர் யோசிக்க வேண்டும். 2025இல் எல்லைக் கோயில்களை வைத்துத் தாய்லாந்தோடு சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்ததும் செய்தியாக உங்கள் பத்திரிகையிலேயே வந்தது.

உங்களிடம் நான் கேட்பது ஒரு திருத்தம். அதே வாரமலரில், அதே அளவு எழுத்தில் போடுங்கள், உள்பக்க மூலையில் வேண்டாம், கீழ்வீட்டுப் பிள்ளை அதையும் வெட்டி ஒட்ட வேண்டும். கொழும்பில் இந்தப் பயணங்களை விற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வயதானவர்கள் சேமித்த காசில் வாழ்நாளில் ஒருமுறை வருகிறார்கள், கோயில் என்று சொல்லிக் கூட்டிப் போனால் கோயிலுக்கு மூன்று நாளாவது கொடுங்கள், அந்தந்த ஊர் வழிகாட்டியைக் கதைக்க விடுங்கள். எந்தச் சுவரில் என்ன கதை இருக்கிறது என்று தமிழில் நாலு பக்கத் துண்டுப்பிரசுரம் அடித்துக் கையில் கொடுத்தாலே போதும். அப்படி யாராவது செய்வதென்றால் எழுதித் தர நான் ஆயத்தம், ஒரு சதமும் வேண்டாம்.

அங்கோர் வாட் மேற்கு வாசல் கோபுரத்துக்குள் எட்டுக் கைத் திருமால் ஒருவர் நிற்கிறார், கெமர்ச் சனம் அவரைத் தா ரீச் என்று சொல்லி, பட்டுச் சாத்தி ஊதுபத்தி வைத்துக் கும்பிடுகிறார்கள், அவர்கள் பௌத்தர்கள். தா என்றால் அவர்கள் மொழியில் தாத்தா. கடைசி நாள் மேல்தட்டுக்குப் போகும் செங்குத்துப் படி அம்மாவால் ஏற முடியவில்லை. நாங்கள் ஏறி இறங்கும்வரை அங்கேயே ஒரு கெமர்க் கிழவிக்குப் பக்கத்தில் இருந்தார். திரும்பி வந்தபோது அந்தக் கிழவி கொடுத்த தாமரை மொட்டு ஒன்று அம்மாவின் மடியில் இருந்தது.

பந்தே ஸ்ரெய் அம்மையாரின் படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், கணவர் எடுத்தது, இலவசமாகப் போடலாம். போடுவதானால் கீழே இப்படி எழுதுங்கள்: 'பந்தே ஸ்ரெய், கம்போடியா, கி.பி. 967. கட்டியவர் யஞ்ஞவராகர். ஆடும் சிவனின் காலடியில் காரைக்கால் அம்மையார்.'

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06